டாஷ்போர்டில் எதை ஒட்டுவது?

மைத்துனன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினான். ஆடியிலேயே விலை படிந்துவிட்டது. அத்தை சம்மதிக்காததால் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு, ஆவணி பிறக்கும்வரை காத்திருந்து எடுத்தான். 2013 மாடல். பாட்டுக் கேட்க ஸ்டீரியோ இருக்கிறது, ஸ்கிரீன் கிடையாது. வண்டி வந்த வாரமே என்னைக் கூப்பிட்டான்.

“அத்தான், வழி பாக்கதுக்குத் தனியா ஒரு ஜிபிஎஸ் வாங்கி மாட்டிருவமா, இல்ல போனே போதுமா? கடையில ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஒண்ணும் காட்டுதாங்க. எதை எடுக்கன்னு தெரியல.”

“போனே போதும் மாப்ள” என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். பாதிப் பேருக்கு அந்த ஒரு வரி போதும்தான். ஆனால் இவன் பம்ப்செட் உதிரி பாகம் விற்கிற வேலையில் இருப்பவன். தென்காசியில் கிளம்பி செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக மலை இறங்கிப் புனலூர் வரை போவான். வழியெல்லாம் கடைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். காட்டுப் பகுதியில் சிக்னல் வரும், போகும். இப்படி ஓட்டுகிறவனுக்கு ஒரு வரி பதில் போதாது. அதனால் நான் கடந்து வந்ததையெல்லாம் யோசித்து ஒரு கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தனிக் கருவி. இப்போது இருபது வயதில் இருப்பவர்கள் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு ரப்பர் கிண்ணம், சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருக ஒரு சுருள் வயர். உலக அளவில் இந்தச் சந்தையை ஆண்டவை கார்மின், டாம்டாம் என்ற இரண்டு கம்பெனிகள். கார்மின் என்பது ஏதோ லத்தீன் சொல் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேரி பரல், மின் காவ் என்ற இருவர் 1989-இல் தொடங்கியது. இருவர் பெயரின் முன்பாதியையும் ஒட்டிவைத்ததுதான் ‘கார்மின்’. நம் நாட்டில் 1995 முதல் வரைபடம் தயாரிக்கும் மேப்மைஇந்தியாவும் இப்படிக் கருவிகள் விற்றது. இன்று அதே வரைபடம் ‘மேப்பிள்ஸ்’ என்ற பெயரில் போன் செயலியாக இலவசமாகக் கிடைக்கிறது. இந்தப் போட்டி எப்படி முடிந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முடித்துவைத்த நாளையும் சொல்லலாம். 2009 அக்டோபர் கடைசியில் கூகுள், ஆண்ட்ராய்டு போனில் திருப்பத்துக்குத் திருப்பம் வாயால் வழி சொல்லும் வசதியை இலவசமாக அறிவித்தது. அன்றே கார்மின், டாம்டாம் பங்குகள் சரிந்தன. அதுவரை கருவிக்கு ஒரு விலை, புது வரைபடத்துக்கு வேறொரு விலை என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒருவன் ஓசியில் கொடுக்க ஆரம்பித்தால் எந்தக் கடை தாங்கும்?

என்னிடமும் ஒரு பெட்டி இருந்தது. 2011-இல் வாங்கினேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். உண்மையில் நல்ல பெட்டிதான். பட்டனை அமுக்கினால் வரைபடம், வேறு எதுவும் இல்லை. கேம் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, மாமியார் அழைப்பும் வராது. வெயிலில் கிடந்தாலும் முனகாது. வழி தப்பினால் பதற்றமே இல்லாமல் புது வழி போடும். அதன் பலம் அவ்வளவுதான், ஆனால் அது சின்னப் பலம் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் மறுபடி பேசுகிறேன்.

பலவீனம் வரைபடம். மெமரி அட்டையில் ஏற்றியதோடு அது உறைந்துவிடும். புதுப்பிக்கவேண்டும் என்றால் பெட்டியைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டரில் மாட்டி, மணிக்கணக்கில் இறக்கவேண்டும். நான் இரண்டு முறை செய்தேன், பிறகு விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போது புது பைபாஸில் ஏறினால் பெட்டியில் என் வண்டி நெல் வயலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். “உடனே திரும்பவும், உடனே திரும்பவும்” என்று அது கெஞ்சும். பின்சீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

அது போய்ச் சேர்ந்த விதமும் வேடிக்கை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வார எண்ணாக அனுப்புகின்றன. பழைய முறையில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 1,024 வாரத்துக்குத்தான் போதும். அதாவது இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிரம்பியதும் மறுபடி சுழியத்தில் இருந்து எண்ணும். 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படி நிரம்பியது. புதுப்பிக்காமல் கிடந்த பழைய கருவிகள் பலவற்றுக்குக் குழப்பம். என் பெட்டி அடுத்த பயணத்தில் எழுந்து, இன்று 1999 ஆகஸ்ட் மாதம் என்றது. வழி சரியாகத்தான் சொன்னது. ஆனாலும் இருபது வருடம் பின்தங்கி நிற்கிற ஒன்றிடம் வழி கேட்க மனம் வரவில்லை. அலமாரிக்குப் போய்விட்டது.

சரி, போனுக்கு வருவோம். முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். தனிக் கருவியில் இருப்பதுதான் ‘ஒரிஜினல்’ ஜிபிஎஸ், போனில் இருப்பது ஒப்புக்குச் சப்பாணி, நெட் இல்லாவிட்டால் படுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் கேட்பது சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் அதே செயற்கைக்கோள்களைத்தான். நான்கு செயற்கைக்கோளின் சத்தம் ஒருசேரக் காதில் விழுந்தால் போதும், இருக்கும் இடம் தெரிந்துவிடும். ரேடியோ கேட்பதுபோலத்தான், வாங்குவது மட்டுமே; போன் மேலே எதையும் அனுப்புவதில்லை, சிம்மும் தேவையில்லை. திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். 2018-க்குப் பிறகு இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் போன்களும் வந்துவிட்டன. உயரமான கட்டடங்களுக்கு நடுவே அவை இன்னும் நிதானமாக இருக்கும்.

நெட் உதவுவது வேறு இடத்தில். எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே நிற்கிறது என்ற விவரம் வானத்தில் இருந்தே வரும், ஆனால் மெதுவாக வரும். முழுப் பட்டியல் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். போன் அதை நெட்டில் நொடியில் வாங்கிக்கொள்கிறது. பழைய பெட்டியை ரொம்ப நாள் கழித்து எடுத்தால் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்பது ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் காரணம் இதுதான்.

ஆக, இடம் கண்டுபிடிப்பதில் போன் சளைத்தது இல்லை. வரைபடத்தில் போன் எங்கோ போய்விட்டது. முன்னால் இருக்கிற நெரிசல் சிவப்புக் கோடாகத் தெரிகிறது, தமிழிலேயே வழி சொல்கிறது, கடை திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கலாம். மேம்பாலம் மட்டும் பழைய தலைவலி. சென்னை கத்திப்பாராவில் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது போனுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. அதனால் ஏறிய பிறகு கண்டுபிடிப்பதைவிட ஏறும் முன்பே சொல்வதுதான் வழி. 2024 ஜூலையில் கூகுள் இந்தியாவில் 40 நகரங்களுக்கு மேம்பால அறிவிப்பையும், சென்னை, கோவை உள்ளிட்ட எட்டு நகரங்களில் குறுகலான தெருக்களைத் தவிர்க்கும் வசதியையும் கொண்டுவந்தது. மேப்பிள்ஸில் சந்திப்பைப் படமாகவே வரைந்து எந்தத் தடத்தில் நிற்கவேண்டும் என்று காட்டுகிறார்கள். சென்னைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அது உபயோகமான சங்கதி.

அப்படியானால் போன் எங்கே சறுக்குகிறது? என் அனுபவத்தில் மூன்று இடம்: சிக்னல், சூடு, அழைப்பு. மூன்றுமே வரைபடத்தின் குறை இல்லை. ஒரே கருவியில் பத்து வேலை பார்ப்பதால் வருகிற குறை.

சிக்னல் பிரச்சினைக்கு மருந்து எளிது, ஆனால் முந்தின நாளே சாப்பிடவேண்டிய மருந்து. போகும் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். 2015 கடைசியில் இருந்து கூகுள் மேப்பில் இறக்கிய வரைபடத்தை வைத்தே முழு வழியும் கேட்கலாம். நெரிசல் தெரியாது, மற்றபடி திருப்பங்கள் வரும், வழி தப்பினால் புது வழியும் போடும். வரைபடத்தை இறக்காமல், செங்கோட்டையில் வழியைப் போட்டுவிட்டு மலைப்பாதையில் இறங்கினால் சிக்னல் போனாலும் ஓடும் என்று சிலர் நம்பிக்கையாக இருப்பார்கள். ஓடும், வழி தப்பாத வரை. ஒரு டீக்கடையில் நிறுத்திச் செயலியை மூடிவிட்டால் அதோடு சரி. கையில் வரைபடம் இருப்பதும் சொன்ன வழியை மட்டும் மனப்பாடம் செய்திருப்பதும் ஒன்றா?

சூடு கொஞ்சம் சிக்கலானது. ஆப்பிள் தன் ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் காலை பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும். அதுவும் முன் கண்ணாடிக்குப் பின்னால், கறுப்பு டாஷ்போர்டின் மேல், ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓட, சார்ஜும் ஏற என்றால் போன் தாங்காது. முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும். பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். கடைசியில் ‘ஆறட்டும்’ என்று ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு அணைந்துவிடும். எனக்கு அது நடந்தது திருமங்கலம் பக்கத்தில். ராஜபாளையம் சாலை பிரியும் இடம் வருகிற நேரத்தில் ஸ்கிரீன் கறுத்துவிட்டது. ஊர்ப் பாதை என்பதால் பிழைத்தேன்.

ஆகவே ஹோல்டர் என்பது சில நூறு ரூபாய் சமாச்சாரமாக இருந்தாலும் அலட்சியமாக வாங்கக்கூடாது. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் பார்வைக்கு வசதி, ஆனால் போனை வெயிலில் காயப்போடுகிறோம். சூட்டில் கிண்ணமும் பிடி விட்டு, சரியாக ஒரு லாரியை முந்தும்போது காலடியில் வந்து விழும். ஏசி காற்று வரும் துளையில் மாட்டுவது நம் வெயிலுக்குப் பொருத்தம், போன் பின்பக்கம் குளிர்ந்துகொண்டே இருக்கும். கனமான போனாக இருந்தால் அந்தத் துளையின் தகடு நாளடைவில் தொங்கிவிடும் என்பதுதான் குறை. காந்தம் வைத்த ஹோல்டர் ஒரு கையால் எடுத்து வைக்க ஜோர். ஆனால் போனுக்குள் இருக்கும் திசைகாட்டியை அது குழப்பும். வண்டி நகர ஆரம்பித்துவிட்டால் பாதகமில்லை, நிற்கும்போதுதான் அம்பு தலைகீழாகச் சுற்றும்.

இன்னொன்று சார்ஜர். பழைய காரின் ஸ்டீரியோவில் ஒரு யுஎஸ்பி ஓட்டை இருக்கும். அது பாட்டு பென் டிரைவுக்காக வைத்தது. பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கொடுக்கும், அதாவது 2.5 வாட். மேப் ஓடும் போனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வயர் மாட்டியிருக்கிறதே என்று நம்பி ஓட்டுவோம், விழுப்புரம் தாண்டும்போது பார்த்தால் கிளம்பியதைவிடச் சார்ஜ் குறைந்திருக்கும். லைட்டர் ஓட்டையில் செருகுகிற நல்ல சார்ஜர் ஒன்றைத் தனியாக வாங்கிவிடவேண்டும்.

மூன்றாவது, அழைப்பு. நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். சூட்டையும் சிக்னலையும் காசு கொடுத்தோ முன்யோசனையாலோ சரிசெய்துவிடலாம். இதற்கு ஓட்டுகிறவன் மாறவேண்டும். மேப் பார்ப்பதற்காகப் போனைக் கண் எதிரே மாட்டுகிறோம். அதே இடத்தில்தான் வாட்ஸ்அப் செய்தி வந்து எட்டிப்பார்க்கிறது. குடும்பக் குழுவில் யாரோ ஒருவர் காலை வணக்கம் அனுப்பினால், திருப்பம் காட்டும் பட்டையின் மேலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அழைப்பு வந்தால் கை தானாகப் போகிறது. நல்ல ஓட்டுநர் கெட்ட ஓட்டுநர் என்ற பேதமே அதில் இல்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில், ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேர்கிறது. முதல் முறைக்கே ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், சிறைக்கும் இடம் உண்டு. 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த விதித் திருத்தம், வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாதபடி என்கிறது. அதாவது ஹோல்டரில் மாட்டி மேப் பார்த்தால் சரி. மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தால் சரி இல்லை. தனிக் கருவிக்காரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

கடைக்காரர் காட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்ன ஆனது என்று கேட்பீர்கள். டாஷ்போர்டில் பெரிய ஸ்கிரீன் பளிச்சென்று இருக்கும், பார்த்தாலே ஆசை வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மலிவு டேப்லெட். கம்மி ரேம் உள்ளதை எடுத்தால் இரண்டே வருடத்தில் மேப் திறப்பதற்குள் அடுத்த சிக்னலே வந்துவிடும். அதன் ஜிபிஎஸ் ஆன்டெனா என்பது வயர் நீண்ட ஒரு சின்னக் கறுப்பு வில்லை. பொருத்துகிறவர் அதை வானம் தெரிகிற இடத்தில் ஒட்டாமல் ஸ்டீரியோவுக்குப் பின்னாலேயே திணித்துவிட்டுப் போனால், வண்டி எப்போதும் பக்கத்துத் தெருவில் ஓடும். வாங்குவதாக இருந்தால் பக்கத்தில் நின்று, அந்த வில்லை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே வேலை செய்யும் ஸ்கிரீன் எவ்வளவோ மேல். கார்பிளே 2014-இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-இலும் கார்களுக்கு வந்தன. இங்கே மூளை போன், முகம் மட்டும் ஸ்கிரீன். போன் பழசானால் போனை மாற்றிக்கொள்ளலாம், ஸ்கிரீன் அப்படியே இருக்கும். செய்திகள் வந்தாலும் படித்துச் சொல்லுமே தவிர முழு வாட்ஸ்அப்பையும் விரித்துக் காட்டாது. அழைப்பை ஸ்பீக்கரில் எடுக்கலாம். புதுக் காரில் இது இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, ஒரு நல்ல வயர் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள். வயர் இல்லாமலும் இணைக்கலாம், ஆனால் நீண்ட தூரத்தில் போன் சூடாகும். நான் வயர் கட்சி. பழைய காரில் இதைப் புதிதாகப் போடுவது என்றால் ஸ்கிரீன், சட்டகம், கூலி என்று செலவு ஏறும். மைத்துனன் அப்போதுதான் இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், நான்கு டயர் என்று கை கடித்துப் போயிருந்தான்.

நான் சொன்னது வேறு. “வீட்டு அலமாரில உன் பழைய போன் கெடக்குல்லா, அதை எடு.”

கண்ணாடி ஓரம் கீறிய, கேமரா மங்கிய, மூன்று வருடப் போன். அதில் இருப்பதை எல்லாம் அழித்து, சிம்மைக் கழற்றி, மேப் செயலி மட்டும் வைத்து, தென் தமிழகமும் கொல்லம் மாவட்டமும் இறக்கிவிட்டால் அதுதான் தனிக் கருவி. என் 2011 பெட்டிக்கு இருந்த ஒரே பலம் இதற்கும் வந்துவிடுகிறது, யாரும் அதில் கூப்பிட முடியாது. வரைபடமோ புதுசு. நெரிசல் பார்க்கவேண்டும் என்றால் சட்டைப்பையில் இருக்கும் புது போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். ஒரே எச்சரிக்கை, பேட்டரி. பழைய பேட்டரி வெயிலில் உப்பும். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது போனையும் கையோடு எடுத்துப் போகவேண்டும், பின்பக்க மூடி லேசாகப் புடைத்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடவேண்டும்.

எதை மாட்டினாலும் அதற்குத் தெரியாத சங்கதிகள் உண்டு என்பதையும் அவனிடம் சொன்னேன். 2024 ஜனவரியில் கூடலூரில் வெளியூர் வண்டி ஒன்று, மேப் காட்டிய குறுக்கு வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்ட படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பெரிய வண்டி, வாட்டமான படிக்கட்டு. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே பாதியில் அறுந்து நின்ற பாலத்தில் இருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதிலும் மேப் பேச்சு வந்தது. அந்தப் பாலத்துக்கு முன் ஒரு தடுப்பு இருந்திருந்தால் மேப் என்ன சொன்னாலும் பிழைத்திருப்பார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்திருக்கவேண்டும், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடிவிடும். நேரம் மிச்சம் என்று பச்சையாகக் காட்டும் வழி செக்போஸ்ட்டில் முடியலாம். மலைப் பாதையில், சந்தேகமான குறுக்குத் தெருவில், கண்ணாடியை இறக்கி ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வார்த்தை கேட்பதைப் போல இன்னும் எதுவும் வரவில்லை.

மைத்துனன் சொன்னபடியே செய்தான். ஏசி துளையில் ஹோல்டர், லைட்டர் ஓட்டையில் சார்ஜர், பழைய போன். ஆரியங்காவு இறக்கத்தில் சிக்னல் போனபோதும் வழி சொல்லிக்கொண்டே வந்ததாம். ஒரு மாதம் குறையே இல்லை. போன வாரம் மறுபடி கூப்பிட்டான்.

“அத்தான், மேப்பு ரொம்ப மெதுவா ஓடுது. திருப்பம் தாண்டுன பொறவுதான் சொல்லுது.”

என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான். சாயங்காலம் வண்டியில் இருந்து எடுத்து வந்து மேசைமேல் வைக்கிற போனில் அவன் பிள்ளை நான்கு கேம் ஏற்றியிருக்கிறான்.